மருமகனுக்கு, சரக்கு வாங்குவது பற்றி

போடிநாயக்கனூர்.



கொடைக்கானலில் நீ தொடங்கவிருக்கும் விடுதியில் சமையலுக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் வேண்டிய சரக்கு முழுவதையும் ஒரே மொத்த வியாபாரி பொடியாகவே பொட்டலங்கட்டி அனுப்ப இசைந்திருக்கிறார் என்றும், அது பெரிய சௌகரியம் என்றும் எழுதியிருந்தாய். அந்தச் சௌகரியத்தை நீ மறுத்துவிட வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். முழுச் சரக்கு, பார்க்கத் தெரிந்தவனிடம் தன் ஊரையும் வயதையும் சொல்லிவிடும். பொடி ஒன்றும் சொல்லாது.

ஏலக்காயை எடுத்துக்கொள். ஆவணி முதல் மாசி வரையில் பல சுற்றாகப் பறிக்கப்படும் காய், ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் அறையில் மிதமான சூட்டில் பக்குவமாக உலர்ந்தால்தான் பச்சை நிறம் நிலைக்கும். இங்கே ஏல வியாபாரத்தில் 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கே மதிப்பு அதிகம். ஆயினும் உன் பாயசத்துக்கும் தேநீருக்கும் பிரதானமானது காயின் பருமன் அன்று, உள்ளிருக்கும் அரியின் வாசனையே. ஆகையால் நடுத்தரக் காயைத் தேர்ந்து, ஒன்றை உரித்து, அரி கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார். ஈரத் துணியில் தேய்த்துப் பச்சை ஒட்டுகிறதா என்றும் பார், ஏனெனில் சாயம் ஏற்றிய காயும் சந்தைக்கு வருகிறது.

மஞ்சளுக்கு ஈரோடு இருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மஞ்சளை விரலியாகவே வாங்கி, வேண்டியபோது அரைத்துக்கொள். கிராம்புக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மலைத்தோட்டங்கள் போதும். தண்ணீரில் படுத்து மிதப்பது தைலம் இறக்கிய கிராம்பு. பட்டையில் மட்டும் சிக்கனம் பாராதே: கனத்த ஒற்றைச் சுருளாக வருவது காசியா, அதிலுள்ள கூமரின் மிகுதியாக உட்சென்றால் ஈரலுக்குக் கேடு, இலங்கைப் பட்டையோ மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கும்.

குளியல் சரக்கைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கஸ்தூரி மஞ்சள் என்று கடைகளில் விற்கும் அடர்ந்த மஞ்சள் நிறத் துண்டுகளிற் பெரும்பான்மை வேறொரு கிழங்கு. மெய்யான கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறமும் கர்ப்பூர வாசனையும் உடையது, தோலில் கறை ஏற்றாது. நன்னாரிக்குப் பதில் மாகாளிக் கிழங்கைத் தள்ளிவிடுவாரும் உண்டு. அதையோ காட்டிலிருந்து வரைமுறையின்றித் தோண்டி மலைகளையே வறிதாக்கிவிட்டார்கள். நம்பி வந்து உடம்பைக் காட்டுகிற மனிதர்மேல் இன்னதென்று தெரியாத வஸ்துவைப் பூசுவது பாவம் என்றே நினைக்கிறேன். தெரிந்த சரக்கையும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்த்த பிறகே பூசச் சொல். வியாதி தீரும் என்று பலகை எழுதி வைக்காதே. அது வைத்தியருடைய காரியம்.

மிளகுக்கு யாரிடமும் முன்பணம் கொடுக்க வேண்டாம். தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் தை, மாசியில் பறிப்பு நடக்கும். களத்தில் காயும்போதே பார்த்து, வருஷத்துக்கு வேண்டியதைப் பேசி முடிக்கலாம். தேதியை எழுது, நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமன்