கிணறு இல்லாத ஊரில் மக்காச்சோளம்

வங்கியில் பயிர்க்கடன் மனு வந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "கெணறு இருக்கா?" என்பதுதான். அமெரிக்காவின் ஒராய்பி ஊரில் அப்படிக் கேட்டால் ஒருவருக்கும் கடன் கிடைக்காது. ஆனால் அந்த ஊர் 800 ஆண்டுகளுக்கும் மேலாக மானாவாரி மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்திருக்கிறது.

அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கில், பாலை நிலத்து மேட்டின் மேல் உள்ள சின்னஞ்சிறு ஊர் அது. ஹோப்பி பழங்குடி மக்களுடையது. குளிர்காலப் பனியையும் சேர்த்து ஆண்டுக்கு 200 முதல் 250 மி.மீ. மழைதான். தமிழ்நாட்டுச் சராசரி 900 மி.மீ.க்கு மேல். அங்குள்ள ஊற்றுகள் குடிக்கவும், சிறு காய்கறித் தோட்டங்களுக்கும்தான். மக்காச்சோளத்துக்குப் பாசனமே கிடையாது. அப்புறம் எப்படி விளையுது?

மண்: குளிர்காலத்தில் பெய்த பனி உருகி அடிமண்ணில் இறங்கிவிடும். மேலே இருக்கும் மணல் காய்ந்து, மூடாக்கு மாதிரி அந்த ஈரத்தைக் காக்கும்.

விதைப்பு: கூர்மையான குச்சியால் ஈரம் தட்டுப்படும் வரை குழி போடுகிறார்கள். அரை அடி, சில இடங்களில் ஒரு அடிகூட ஆகும். குழிக்குப் பத்து விதைக்கு மேல் போடுவார்கள். எலிக்கும் புழுவுக்கும் போனது போக மீதி முளைக்கும். கூட்டமாக நிற்பதால் மணல்காற்றையும் தாங்கும். குழிக்குக் குழி பல அடி இடைவெளி. அடுத்த ஆண்டு பழைய தூருக்கு நடுவே புதுக்குழி.

விதை: சூட்சுமம் இங்கேதான் இருக்கு. சாதாரண ரகத்தை ஒரு அடி ஆழத்தில் போட்டால் மண்ணுக்குள்ளேயே இலை விரித்து மடிந்துவிடும். ஹோப்பி ரகத்தில் விதைக்கும் முதல் கணுவுக்கும் இடையிலுள்ள தண்டு நீண்டு, முளையை மேலே தள்ளுகிறது. முதல் வேர் நேராகக் கீழே ஓடுகிறது. காலின்ஸ் என்ற ஆய்வாளர் 1914-லேயே இதை எழுதிவைத்தார். அந்தக் குணத்தை எந்த ஆய்வுக்கூடமும் உருவாக்கவில்லை. ஆழத்திலிருந்து முளைத்து வந்ததிலேயே தலைமுறை தலைமுறையாக விதை எடுத்ததால் வந்தது. அந்த விதையைக் காப்பவர்கள் வீட்டுப் பெண்கள்.

ஆகவே அவர்கள் முறையை மட்டும் காப்பியடித்தால் நமக்கு நஷ்டம்தான். விதை தொலைந்தால் முறையும் தொலைந்தது.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் நாட்டுச் சோளத்தில் முப்பது விதை எடுங்கள். 2, 3, 4 அங்குல ஆழத்தில் பத்துப் பத்தாக ஊன்றுங்கள். அதிக ஆழத்திலிருந்து திடமாக வந்த செடிக்கு அடையாளம் கட்டி, அதன் கதிரைத் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த பருவத்துக்கு அதுதான் விதை.