காரில் 'பட் பட்' சத்தம்: காரணத்தைப் போனில் பார்க்கலாம்

சிக்னலில் பச்சை விளக்கு விழுந்ததும் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். வண்டி ஒரு முறை திணறி, சைலென்சரில் இருந்து 'பட்' என்று வெடிச் சத்தம் கேட்கிறது. டேஷ்போர்டில் இஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கும் எரிகிறது. மெக்கானிக்கிடம் சென்றால் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்று கூறலாம். மாற்றிய பின்னரும் சத்தம் நிற்காமல் போகலாம். எனவே பணம் செலவழிக்கும் முன்னர், காரில் உள்ள கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்பதை நாமே படித்துப் பார்ப்பது நல்லது. பெட்ரோல் கார்களில் இதனை மேற்கொள்ளும் வழியினை இங்கு காண்போம்.

சத்தம் எந்தப் பக்கம்?

முதலில் காதைப் பயன்படுத்துங்கள். சிலிண்டருக்குள் எரிய வேண்டிய பெட்ரோல் எரியாமல் வெளியேறி, சூடான சைலென்சர் குழாயில் காற்றுடன் சேர்ந்து தீப்பிடித்தால் பின்பக்கம் வெடிக்கும். ஸ்பார்க் சரியாகக் கிடைக்காததும், பெட்ரோல் அளவுக்கு அதிகமாகச் செல்வதும் இதற்கான வழக்கமான காரணங்கள். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கும்போது மட்டும் வெடித்தால், சைலென்சர் இணைப்புகளில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று நுழைகிறதா என்று பார்க்கவும்.

சத்தம் முன்பக்கம், ஏர் பில்டர் பகுதியில் கேட்டால் கதை வேறு. பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை மெதுவாக எரியும். அடுத்து இன்டேக் வால்வு திறக்கும்போதும் அது எரிந்து கொண்டிருந்தால், தீ பின்னோக்கிப் பாயும். டைமிங் பெல்ட் அல்லது செயின் பல் தாண்டியிருந்தாலும் இவ்வாறு நிகழும்.

என்னென்ன தேவை?

ஸ்டியரிங் அருகே, டேஷ்போர்டின் அடியில் 16 பின்கள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். இதுதான் ஓபிடி-2 போர்ட். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்தும், இந்தியாவில் 2013 ஏப்ரலில் இருந்தும் இம்முறை கட்டாயமானது. இதில் செருகுவதற்கு ஈஎல்எம்327 வகை அடாப்டர் ஒன்று வேண்டும். ஆண்ட்ராய்ட் போனுக்கு புளூடூத் அடாப்டர் போதும். ஐபோன் எனில் வைஃபை அல்லது புளூடூத் எல்இ வகை பார்த்து வாங்கவும். மிக மலிவான நகல்களில் சில கட்டளைகள் இயங்காது. போனில் 'கார் ஸ்கேனர்' போன்ற ஓர் அப்ளிகேஷனை இன்ஸ்டால் செய்திடவும்.

செயல்முறை

1. திறந்த வெளியில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைக்கவும். மூடிய ஷெட்டில் இஞ்சினை ஓட்டவே கூடாது. சைலென்சர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

2. அடாப்டரைச் செருகி, சாவியை ஆன் நிலைக்குக் கொண்டு வரவும். புளூடூத் இணைப்பு பாஸ்வேர்ட் கேட்டால் 1234 அல்லது 0000 கொடுத்துப் பார்க்கவும்.

3. பிழைக் குறியீடுகளைப் படித்து எழுதிக் கொள்ளவும். விளக்கு எரியாவிட்டாலும் 'பெண்டிங்' பிரிவில் குறியீடு இருக்கலாம்.

4. 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' பகுதியையும் குறித்துக் கொள்ளவும். பிழை பதிவான நேரத்தில் வண்டியின் வேகம், ஆர்பிஎம், இஞ்சின் வெப்பம் ஆகியவை எவ்வளவு என்பது இதில் கிடைக்கும். அவசரப்பட்டுக் குறியீடுகளை அழித்தால் இதுவும் சேர்ந்து அழிந்துவிடும்.

அடிக்கடி வரும் குறியீடுகள்

பி0300: பல சிலிண்டர்களில் மிஸ்பயர்.
பி0301 முதல் பி0304 வரை: முறையே 1 முதல் 4 வரையிலான சிலிண்டரில் மிஸ்பயர்.
பி0171: கலவையில் பெட்ரோல் குறைவு.
பி0172: கலவையில் பெட்ரோல் அதிகம்.
பி0016: கிராங்க், கேம் சென்சார்கள் காட்டும் நிலைகள் ஒத்துப் போகவில்லை. டைமிங் தவறியிருக்கலாம் என்பதால், சோதிக்கும் வரை வண்டியை ஓட்ட வேண்டாம்.

பலரும் தவறு செய்வது இங்குதான். குறியீடு என்பது கம்ப்யூட்டர் எதைக் கவனித்தது என்பதற்கான குறிப்பு. எந்தப் பாகம் கெட்டது என்ற தீர்ப்பு அல்ல. பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றினால், உண்மையைச் சொன்ன சாட்சியைத் தண்டித்த கதையாகிவிடும்.

பியூல் டிரிம் சொல்லும் சேதி

அடுத்து லைவ் டேட்டாவில் 'பியூல் டிரிம்' எண்களைப் பாருங்கள். ஆக்சிஜன் சென்சார் தரும் தகவலை வைத்து, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். அந்தத் திருத்தமே இங்கு சதவீதமாகக் காட்டப்படுகிறது. ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் கூட்டிக் கொள்ளவும். பொதுவாகக் கூட்டல் 10க்கும் கழித்தல் 10க்கும் இடையே இருந்தால் கவலையில்லை.

இஞ்சின் நன்கு சூடான பின், ஐடிலிங்கில் ஒரு முறையும், 2500 ஆர்பிஎம்மில் ஒரு முறையும் எண்களைக் குறிக்கவும். எடுத்துக்காட்டாக, ஐடிலிங்கில் கூட்டல் 22 இருந்து 2500ல் கூட்டல் 4 ஆகக் குறைந்தால், வேக்குவம் ஹோஸில் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். ஐடிலிங்கில் இஞ்சின் இழுக்கும் காற்றே குறைவு என்பதால், சிறிய கசிவும் பெரிதாகத் தெரிகிறது. காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள கார்களுக்கே இது பொருந்தும். மேப் சென்சார் மட்டும் உள்ள கார்களில், கசிவு பெரும்பாலும் ஐடிலிங் வேகத்தை உயர்த்திக் காட்டும்.

மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து வேகம் கூடக் கூட எண்ணும் கூடினால், பெட்ரோல் போதிய அளவு வரவில்லை. பியூல் பில்டர், பம்ப் இரண்டையும் சோதிக்கவும். எண் கழித்தலில் வெகுவாக இறங்கினால், இன்ஜெக்டர் ஒழுகுகிறதா எனப் பார்க்கவும்.

ஒரே சிலிண்டரில் மிஸ்பயர் எனில் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இஞ்சினை அணைத்து ஆறவிட்டு, 2வது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை 3வதிலும், 3வதன் காயிலை 2வதிலும் மாட்டவும். குறியீட்டை அழித்து ஓட்டிப் பார்க்கவும். பி0302 என்பது பி0303 ஆக மாறினால் காயில்தான் கோளாறு. மாறாவிட்டால் பிளக்குகளை இதே போல மாற்றிப் பார்க்கவும். அப்போதும் மாறவில்லை எனில் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் சோதனைகளை மெக்கானிக்கிடம் விட்டுவிடவும்.

கவனம் தேவை

மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், கடுமையான மிஸ்பயர் நடக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதனை உருக்கிவிடும். காயிலைவிடப் பல மடங்கு விலை உள்ள பாகம் அது. வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். பெட்ரோல் வாடை வந்தால் உடனே இஞ்சினை அணைத்துவிடவும். ஓட்டும்போது போன் திரையைப் பார்க்க வேண்டாம். அருகில் அமர்ந்திருப்பவர் எண்களைக் குறிக்கட்டும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றிவிடவும். காரை அணைத்த பின்னரும் இந்தப் போர்ட்டில் பேட்டரி மின்சாரம் வந்து கொண்டிருக்கும்.

குறியீடு, ஃப்ரீஸ் ஃப்ரேம், இரண்டு வேகங்களில் பியூல் டிரிம் எண்கள், சத்தம் வந்த பக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஊகத்தில் பாகங்களை மாற்றும் வேலை பெருமளவு குறையும்.