தவளைக்குள் தட்டைப்புழுக்கள்: வகுப்பு தெரிந்தால் இருப்பிடம் தெரியும்

மாணவர்களே, மழை பெய்த இரவில் கால்வாயோரம் கத்தும் தவளையின் நுரையீரலிலும் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் தட்டைப்புழுக்கள் குடியிருக்கக்கூடும். பிளாட்டிஹெல்மின்தஸ் தொகுதியைச் சேர்ந்த இந்த ஒட்டுண்ணிகளை மோனோஜீனியா, டிரெமட்டோடா, செஸ்டோடா என மூன்று வகுப்புகளாகப் படிக்கிறோம். இப்பெயர்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. ஒரு புழுவின் வகுப்பு தெரிந்தால், அது எங்கே வாழ முடியும், எங்கே வாழ முடியாது என்பதையும் ஓரளவு கணிக்கலாம். அதற்கு ஒரு கேள்வி உதவும்: இந்தப் புழு வளர்ந்து முடிக்க எத்தனை ஓம்புயிர்கள் தேவை? ஒட்டுண்ணிக்கு உணவும் இடமும் தரும் உயிரே ஓம்புயிர்.

1. மோனோஜீனியா: தவளை மட்டும் போதும்

இந்த வகுப்புப் புழுக்களுக்கு ஒரே ஓம்புயிர் போதும். பெரும்பாலானவை மீன்களில் வாழ்கின்றன. தவளைகளில் காணப்படுபவை முக்கியமாகப் பாலிஸ்டோமட்டிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பாவின் சாதாரணத் தவளையில் வாழும் பாலிஸ்டோமா இன்டிஜெரிமம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடலின் பின்முனையிலுள்ள 6 உறிஞ்சிகளால் அது சிறுநீர்ப்பையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. வசந்த காலத்தில் தவளை முட்டையிடக் குளத்துக்குச் செல்லும்போது புழுவும் முட்டையிடுகிறது. பொரித்து வரும் இளம்புழு தலைப்பிரட்டையின் செவுளில் ஒட்டிக்கொள்கிறது. தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது செவுள் மறைந்துவிடும். புழு சிறுநீர்ப்பைக்கு இடம்பெயர்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்குள்ள மண்வெட்டிக்கால் தேரை ஆண்டில் ஏறக்குறைய 10 மாதங்கள் மண்ணுக்குள் கிடக்கிறது. மழை பெய்த சில இரவுகளில் மட்டுமே நீரில் இறங்குகிறது. அதன் சிறுநீர்ப்பையில் வாழும் சூடோடிப்ளோர்கிஸ் என்ற புழு அந்தச் சில இரவுகளுக்குள் தன் இளம்புழுக்களை வேறு தேரைகளுக்குக் கடத்தியாக வேண்டும்.

ஓம்புயிர் ஒன்றே என்பதால், தவளை போகும் ஊருக்குப் புழுவும் போகலாம். ஆப்பிரிக்க நகத் தவளைகள் ஒரு காலத்தில் கர்ப்பப் பரிசோதனைக்காகப் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. அவை தப்பிப் பெருகிய வேல்ஸ் நாட்டில், அவற்றின் புரோட்டோபாலிஸ்டோமா புழுவும் நிலைபெற்றது.

மலேசியத் தீபகற்பத்திலும் இக்குடும்பத்தினர் உண்டு. இங்குள்ள ஒரு தவளையிலிருந்து 2001இல் சுந்தாபாலிஸ்டோமா என்ற புதிய பேரினம் விவரிக்கப்பட்டது.

2. டிரெமட்டோடா: நத்தையும் வேண்டும்

தவளையைத் தாக்கும் டிரெமட்டோடா புழுக்களில் பெரும்பாலானவை முதலில் நத்தையில் வளர வேண்டும். தவளையின் நுரையீரலில் வாழும் ஹிமட்டோலீகஸ், நத்தையிலிருந்து நீரில் வாழும் தும்பி இளவுயிரிக்குச் செல்கிறது. அது தும்பியாகி, தவளை அதை விழுங்கினால்தான் புழு நுரையீரலை அடையும். நத்தை, தும்பி, தவளை ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இதன் வாழ்க்கைச் சுற்று முழுமையடையாது.

வட அமெரிக்காவில் ரிபெய்ரோயா என்ற புழு நத்தையிலிருந்து வெளியேறி, தலைப்பிரட்டையில் கால் முளைக்கும் இடத்தைத் துளைக்கிறது. விளைவு, கூடுதல் கால்களோடும் குறைந்த கால்களோடும் தவளைகள். கலிபோர்னியாவில் கண்ட இத்தகைய ஊனத்துக்கு இந்தப் புழு காரணமாகிறது என்பதை 1999இல் வெளியான ஆய்வகச் சோதனை உறுதிசெய்தது. ஊனமுற்ற தவளை நாரை, கொக்கு போன்ற பறவைகளிடம் எளிதில் சிக்கும். புழு முதிர்ச்சி அடைவதோ அந்தப் பறவைகளின் உடலில்தான்!

இதில் மனிதனின் பங்கும் உண்டு. வயல்களின் உரம் குளத்தில் கலந்தால் பாசி பெருகும்; பாசியைத் தின்னும் நத்தைகள் பெருகும்; நத்தைகளோடு ரிபெய்ரோயாவும் பெருகும். தவளையைத் தொடாமலே நாம் அதன் கால்களை மாற்றிவிடுகிறோம்.

3. செஸ்டோடா: நாடாப்புழுக்கள்

இவற்றுக்குக் குடல் கிடையாது; உடலின் மேற்பரப்பாலேயே உணவை உறிஞ்சுகின்றன. சில நாடாப்புழுக்கள் தவளையின் குடலில் முதிர்கின்றன. சிலவற்றுக்குத் தவளை ஒரு தங்குமடம் மட்டுமே. ஸ்பைரோமெட்ரா முதலில் நீரிலுள்ள நுண்ணிய கோப்பிபாடிலும், பிறகு தலைப்பிரட்டை அல்லது தவளையின் தசையிலும் வளர்ந்து, நாய் அல்லது பூனையின் குடலில் முதிர்கிறது. ஆசியாவின் சில பகுதிகளில் தவளையின் பச்சை இறைச்சியைப் புண்ணிலும் கண்ணிலும் வைத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. அதன் வழியாகவும், சரியாக வேகாத தவளை இறைச்சி வழியாகவும் இளம்புழு மனித உடலில் புகுந்து கண்ணையும் மூளையையும்கூடப் பாதிக்கலாம். ஆகவே தவளை இறைச்சியை நன்றாக வேகவைத்த பிறகே உண்ண வேண்டும். தவளையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்

ஒரு குளத்தில் தவளை, தும்பி, கொக்கு எல்லாம் உள்ளன. நத்தை மட்டும் இல்லை. பாலிஸ்டோமா, ஹிமட்டோலீகஸ், ரிபெய்ரோயா ஆகியவற்றுள் எது அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ முடியும்? பெயரை மட்டும் எழுதாமல் காரணத்தையும் எழுதுங்கள். காரணத்தை எழுத முடிந்தால், வகைப்பாடு உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று பொருள்.