பழைய கணினிக்குப் புனர்ஜன்மம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிவுற்றதை முன்னிட்டுப் பள்ளியின் பழைய கணினிகளைக் கழித்துவிட உத்தேசிப்போர், அதற்கு முன்பாக, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றி, ஹார்ட்டிஸ்க்கில் உள்ள எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கி, வைஃபையும் ஒலியும் பிரிண்டரும் சரிவர இணங்குகின்றனவா என்று பரீட்சித்துப் பார்ப்பது அவசியம். 2 ஜிபி ராமிலேயே அது இயங்கும். ஆயினும் பிரவுசரைத் திறந்து பாடம் நடத்த 4 ஜிபி இருப்பதே சௌகரியம். அதனினும் குறைந்த சக்தியுள்ள புராதன யந்திரங்களுக்கு ஆன்டிஎக்ஸ் என்னும் லினக்ஸ் வகை உசிதமானது. சிறிது பணம் செலவிட இயலுமானால், சுழலும் ஹார்ட்டிஸ்க்கை அகற்றி எஸ்எஸ்டி பொருத்துவதற்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். நிரந்தரமாக நிறுவுமுன் மாணவர் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டு, பின்னர் லிப்ரேஆபீஸுடன், சிறு குழந்தைகளுக்கென ஜிகாம்ப்ரி என்னும் கல்வி மென்பொருளையும் சேர்த்துக்கொள்ளலாம்.