மார்பகக் கொழுப்பு: வீண் பயமும் வீண் தைரியமும்

“பெரிய மார்பகம் என்றால் கொழுப்பு அதிகம், கொழுப்பு அதிகமென்றால் புற்றுநோய் வரும்.” பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் இந்தப் பேச்சு இரண்டு வகையில் கெடுதல் செய்கிறது. பருத்த உடல்வாகு உள்ளவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள். அதைவிட மோசம், “நான் ஒல்லி, எனக்கெல்லாம் வராது” என்ற தைரியத்தில் கையில் கட்டி தட்டுப்பட்ட பிறகும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது.

மார்பகத்தில் பால் சுரப்பிகளும் பால் நாளங்களும் இருக்கின்றன. அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும், இடைவெளியை நிரப்பும் கொழுப்பும் உண்டு. புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது நாளங்களையும் சுரப்பிகளையும் சேர்ந்த செல்களில்தான், கொழுப்புச் செல்களில் அல்ல. ஆகவே உள்ளாடையின் அளவை வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. கவனிக்க வேண்டியது உள்ளே எது எவ்வளவு இருக்கிறது என்பதை.

அது தெரிவது மேமோகிராம் படத்தில். கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பியும் நாரும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளைப் பகுதி அதிகமிருந்தால் அடர்த்தியான மார்பகம் என்பார்கள். இந்த அமைப்புக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென்று அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இருந்த கதிரியக்க மருத்துவர் ஜான் உல்ஃப் 1976இல் எழுதினார். டொராண்டோவைச் சேர்ந்த நார்மன் பாய்டின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், முக்கால் பங்குக்கு மேல் அடர்த்தி உள்ளவர்களுக்கு, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ளவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆபத்து இருந்தது. இது இரு கோடிகளுக்கு இடையிலான ஒப்பீடு. சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இதைவிடக் குறைவு.

அதாவது, மேமோகிராம் படத்தைப் பொறுத்தவரை கொழுப்பு மிகுந்த மார்பகம் ஓரளவு ஆறுதலான செய்தி.

“அப்படியானால் எடை கூடினால் நல்லதுதானே?” இல்லை. குழப்பம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கொழுப்பு சும்மா கிடக்கும் திசு அல்ல, அது ஹார்மோன் தயாரிக்கிறது. மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜனைப் பெரும்பாலும் சினைப்பைகள் தருகின்றன. நின்ற பிறகு அந்த வேலை கொழுப்புக்கு வருகிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆண் ஹார்மோன்களை, கொழுப்பில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மார்பகக் கொழுப்பிலும் இது நடக்கிறது, பால் நாளங்களுக்குப் பக்கத்திலேயே. மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் அளவு இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடை மிகும்போது கொழுப்புச் செல்கள் வீங்கி, சில இறந்துபோகின்றன. அவற்றைச் சுற்றி நோய் எதிர்ப்புச் செல்கள் கிரீடம்போல் வளையமிட்டு நிற்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். அந்த அழற்சி அரோமடேஸை மேலும் தூண்டிவிடுகிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்ற மாத்திரைகளை மாதவிடாய் நின்ற நோயாளிகளுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுப்பது இந்த நொதியை முடக்கத்தான்.

ஆக, அடர்த்தி ஒரு காரணி, மாதவிடாய்க்குப் பிந்தைய உடல் கொழுப்பு வேறொரு காரணி. ஒன்று மற்றொன்றை ரத்து செய்வதில்லை. இளம் வயதில் எடை கூடியவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சற்றுக் குறைவு என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன, உண்மைதான். ஆனால் முப்பதில் ஏறிய எடை ஐம்பதிலும் கூடவே இருக்கும். அப்போது கணக்கு மாறிவிடும்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எடை அளவாக இருந்தும் உடலில் கொழுப்பின் பங்கு மிகுந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அமெரிக்காவில் 2019இல் வெளியான ஆய்வு கண்டது. உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் ஒன்றாக இருந்தாலும் ஐரோப்பியரைவிட நம் தெற்காசிய உடலில் கொழுப்பு அதிகம், குறிப்பாக வயிற்றைச் சுற்றி. எடை பார்க்கும் இயந்திரம் இதைச் சொல்லாது.

“ரிப்போர்ட்டில் அடர்த்தி என்று போட்டிருக்கிறதே, புற்றுநோயா?” இல்லை, அது நோய் அல்ல. நாற்பதைத் தாண்டிய பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படித்தான். தொட்டுப் பார்த்தும் அதை அறிய முடியாது, இறுக்கமாக இருப்பது வேறு, அடர்த்தி வேறு. சிக்கல் என்னவென்றால், புற்றுக் கட்டியும் படத்தில் வெள்ளையாகவே தெரியும். வெள்ளை வேட்டியில் விழுந்த மல்லிகைப் பூவைத் தேடுவதுபோல் ஆகிவிடும். அதனால்தான் 2024 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவருடைய அடர்த்தியைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. இங்கேயும் ரிப்போர்ட்டில் ஏ முதல் டி வரை எந்தப் பிரிவு என்று கேளுங்கள். சி, டி என்றால் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

கையில் கட்டி தட்டுப்பட்டால் மட்டும் எந்தப் பிரிவும் பொருட்டல்ல. வலி இல்லை, “வெறும் கொழுப்புக் கட்டிதான்” என்று வீட்டில் யாராவது சொல்கிறார்கள், போன மாதம் எடுத்த மேமோகிராம் சுத்தமாக இருந்தது, எதுவானாலும் சரி. அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், ஸ்கேன் செய்யுங்கள், ஊசி வைத்துத் திசு எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.