தூண்டிற் குண்டுக்கு ஏற்ற ஈயம்

நம் கடற்கரைக் கிராமங்களில் தூண்டிலுக்கு வேண்டிய ஈயக்குண்டுகளை வீட்டிலேயே வார்த்துக்கொள்வோர் பலர். இது சிக்கனமான வழக்கமே. ஆயினும், எந்த ஈயத்தை உருக்குகிறோம் என்பதில் கவனம் தேவை.

குண்டுக்கு உகந்தது காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது எடையில் குறைந்தது, விலையில் மிகுந்தது. காரீயமோ நீரைப்போல் 11 மடங்குக்கு மேல் கனமுடையது. 327 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும்.

சுத்தமான காரீயத்தை நகத்தால் கீறினால் கோடு விழும். நரம்பில் நசுக்கிப் பொருத்தும் சிறு குண்டுகளுக்கு இம்மென்மையே வேண்டும். ஆண்டிமனி கலந்த ஈயம் கடினமானது. கொக்கியின் கழுத்தில் வார்க்கும் குண்டு பாறையில் மோதினும் எளிதில் நசுங்காதிருக்க அது உதவும். துத்தநாகம் கலந்துவிட்டால் அச்சு சரிவர நிரம்பாது.

பழைய பாட்டரித் தகடுகளை ஒருபோதும் உருக்கலாகாது. அவற்றில் அமிலமும் ஈய உப்புகளும் படிந்திருக்கும். அவற்றின் புகையும் தூசியும் உடலிற் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சி குன்றும்.

நல்ல ஈயத்தையும் சமையலறையில் உருக்காமல், காற்றோட்டமான வெளியிடத்தில், அதற்கென ஒதுக்கிய பாத்திரத்தில் உருக்குக. ஈயக்கட்டியும் அச்சும் நன்கு உலர்ந்திருத்தல் அவசியம். ஒரு துளி நீரும் நொடியில் ஆவியாகி, கொதிக்கும் ஈயத்தை முகத்தில் வாரியிறைக்கும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் வரலாகாது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, உடை மாற்றிய பின்னரே உணவு கொள்க. குண்டில் மிச்சமாகும் சில காசுகளைவிட நம் குழந்தைகளின் நலம் பெரிதன்றோ?