வழிகாட்டி நாய்க்குட்டி: எட்டாம் வகுப்பில் ஒரு கற்றல் செயல்பாடு

எங்கள் பள்ளி தஞ்சாவூர் மாவட்டத்தில் வாய்க்கால் கரையோரம் உள்ள கிராமப் பள்ளி. எட்டாம் வகுப்பில் பார்வைத்திறன் குறையுடைய மாணவர் ஒருவர் படிக்கிறார். சிறப்பாசிரியரிடம் பயிற்சி பெற்று, வெண்கோலுடன் தனியே நடக்கக் கூடியவர். ஆனால் உடன் படிப்பவர்கள் அவரைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துச் செல்வார்கள். அன்புதான், எனினும் அவர் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. இதை அறிவுரையாகச் சொல்லாமல் பாடமாக்க வழிகாட்டி நாய் எனக்கு உதவியது.

முதல் பாடவேளை: அறிதல்

முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் ‘சீயிங் ஐ’ நிறுவனம் 1929இல் உருவானது. 1942 முதல் அதன் குட்டிகளை வளர்த்துக் கொடுக்கும் பணியில் 4-எச் என்ற அமைப்பைச் சேர்ந்த கிராமப்புறச் சிறுவர்கள் ஈடுபட்டனர். ஏறக்குறைய எட்டு வாரக் குட்டியைத் தன்னார்வலர் வீட்டில் ஓராண்டுக்கும் மேலாக வளர்க்கிறார்கள். கீழே கிடக்கும் தின்பண்டத்தைத் தொடாமல் இருக்கவும், சந்தை இரைச்சலுக்கும் பேருந்துக்கும் மிரளாமல் இருக்கவும் பழக்குகிறார்கள். பிறகு பயிற்சியாளரிடம் திருப்பி ஒப்படைக்கிறார்கள். எல்லாக் குட்டிகளும் தேர்வாவதில்லை.

எங்கே போவது என்பதை முடிவு செய்பவர் மனிதர். இடறாமல் கொண்டுபோவது நாயின் வேலை. ‘போ’ என்றாலும் வண்டி வந்தால் அது நகராது. தான் நுழைந்துவிடக்கூடிய தாழ்ந்த கிளையைக் கூட, உடன் வருபவரின் தலையில் இடிக்கும் என்பதால் விலகிச் செல்லும்.

இரண்டாம் பாடவேளை: உரையாடல்

“ஓராண்டு வளர்த்த குட்டியை உங்களால் கொடுக்க முடியுமா?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியானது. “கன்னுக்குட்டிய வித்தப்ப ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல டீச்சர். ஆனா இது விக்கிறது இல்லியே, ஒருத்தருக்கு உதவத்தானே போகுது” என்றாள் ஒரு மாணவி. அரை மணி நேரம் நான் பேசவே தேவையிருக்கவில்லை.

மூன்றாம் பாடவேளை: களப்பணி

நம் நாட்டில் வழிகாட்டி நாய்கள் மிக அரிது. தெருநாய்கள் திரியும், நடைபாதை இல்லாத சாலைகளில் அவை பணிசெய்வதும் கடினம். இங்கே பெரும்பாலோருக்குத் துணை வெண்கோல்தான். “அப்படியென்றால் அந்த நாயின் கண்ணோடு நம் சாலையை யார் பார்ப்பது?” என்ற கேள்வியுடன், பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளி வரை நடந்தோம். அந்த மாணவரே முன்னால் நடந்தார். குழுக்கள் தடைகளைக் குறித்தன. சாலையில் காயப்போட்ட நெல்லைச் சுற்றி வைத்த கற்கள், கைப்பிடிச் சுவரில்லாத மதகு, முக உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கருவேலங்கிளை. கோல் தரையைத்தான் தடவும். கிளையை அது அறியாது. அவர் நெற்றியில் அடிக்கடி காணும் கீறலின் காரணம் அன்றுதான் வகுப்புக்கு விளங்கியது.

கிளையை ஊர்ப் பெரியவர் ஒருவர் மறுநாளே வெட்டினார். மதகுக்குக் கைப்பிடி கேட்டு மாணவர்கள் ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதினர். தமிழ்ப் பாடத்தின் கடிதப் பயிற்சி அதிலேயே முடிந்தது. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தெரியாது என்பதிலிருந்து அறிவியலுக்கும், வழி வரைபடத்திலிருந்து சமூக அறிவியலுக்கும் செல்லலாம்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வு வைக்கவில்லை. இப்போது மாணவர்கள், “கூட வரட்டுமா?” என்று கேட்கிறார்கள். அவர் ‘சரி’ என்றால் தங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளச் சொல்லி, அரையடி முன்னே நடக்கிறார்கள். ‘வேண்டாம்’ என்றால் பேசிக்கொண்டே பக்கத்தில் வருகிறார்கள். பெரும்பாலும் அவர் ‘வேண்டாம்’ என்கிறார். அதுவே இப்பாடத்தின் கற்றல் விளைவு எனக் கருதுகிறேன். உங்கள் பள்ளி வழியையும் மாணவர்களுடன் ஒருமுறை நடந்து பாருங்கள்.